அடுப்பு முதலில், சபை பிறகு

வடலூர் வரலாற்றில் இரண்டு தேதிகளைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது 1872 ஜனவரி 25, தைப்பூச நாள். பசித்தவர்க்கு இலை போடத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆன பிறகுதான் ஜோதி தரிசனத்துக்கு இடம் அமைந்தது. இந்த வரிசைக்குக் காரணம் அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலிலேயே இருக்கிறது. பசி மிகுந்தால் அறிவு மயங்கும், மனம் தளரும், கடவுள் நினைவும் நழுவிவிடும் என்று அதில் விரித்துச் சொல்கிறார். அப்படியென்றால் பசியாற்றுவது திருவிழாவோடு சேர்ந்த உபயம் அன்று. வழிபாடே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பெருமான் பசி, தாகம், பயம், பிணி, இச்சை, எளிமை, கொலை என ஏழாக வகுத்தார். சோறு, தண்ணீர், பாதுகாப்பு, மருந்து, வறுமை நீக்கம் என்று இன்று நாம் பேசுகிற அடிப்படைத் தேவைகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதை மேலான காருண்யமாக வைத்தார். உடம்பில் உயிர் தரித்தால்தானே மற்ற உதவிகள் பயன்படும்? வெறும் வயிற்றோடு இருப்பவருக்கு மருந்தும் போதனையும் எட்டுவதில்லை.

ஆனால் இரக்கம் நினைத்தபோது வந்துபோகும். பசியோ நாள் தவறாமல் வரும். ஆகவே இரக்கம் ஓர் ஏற்பாடாக மாற வேண்டும். இதற்கும் தருமச்சாலையே சான்று. அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து ஊரார். 1874 ஜனவரி 30 அன்று பெருமான் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டு உலகோர் கண்ணுக்கு மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அதற்குப் பிறகும் அந்த அடுப்பு எரிந்தது, இன்றும் எரிகிறது. தனி ஒருவர் கொடையை மட்டுமே நம்பியிருந்தால் அது அவரோடு முடிந்திருக்கும். பள்ளிக்கூடச் சாப்பாடும் இப்படித்தான் வேரூன்றியது. காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு தொடங்கியபோது ஊர்மக்களின் நன்கொடையே முதல் துணையாக நின்றது. அரசுப் பணம் பிறகு சேர்ந்தது. 1982இல் அது எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது.

அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன், அதில் நாம் குறுக்கிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பெருமானே இதை எடுத்துக்கொண்டு விடை சொன்னார். கொடிய குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சோறு கொடுக்கச் செய்கிறான். தண்டனை வேறு, பட்டினி வேறு. கடவுள் அந்த அரசனைவிடக் கருணையில் குறைந்தவரா? வினையைக் காட்டிக் கையை மூடிக்கொள்பவர் கடவுளின் நீதிக்குத் துணை நிற்கவில்லை. தம் கஞ்சத்தனத்துக்குச் சாத்திரம் தேடுகிறார். சும்மா சோறு போட்டால் சோம்பேறித்தனம் வளரும் என்பது இன்னொரு வாதம். சோற்றைக் கண்டு பிள்ளைகள் படிப்பை விட்டார்களா? சோறு கிடைத்ததால்தான் பள்ளிக்கே வந்தார்கள். நடக்க முடியாத முதியவரையும் நோயாளியையும் பார்த்து இந்த வாதத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ரேஷன் அரிசி இருக்கிறதே, இனி நமக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மாநிலம் முழுவதும் அரிசியைக் கொண்டுசேர்க்க அரசால்தான் முடியும். அது மக்களின் உரிமையும்கூட. ஆனால் அரிசி சோறாக அடுப்பு வேண்டும், விறகோ கேஸோ வேண்டும், வடித்துப் போட ஒரு கை வேண்டும். அட்டை இல்லாதவரும், விலாசம் இல்லாதவரும், சித்தம் கலங்கித் தெருவில் திரிபவரும் எந்தப் பட்டியலிலும் சிக்குவதில்லை. அரசு விதிப்படி விசாரித்துத்தான் கொடுக்க முடியும். தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரியாமல் பசியை மட்டும் பார்த்துக் கொடுக்கச் சொன்னார் பெருமான். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம்தான்.

கல்யாணப் பந்தலின் அலங்காரத்துக்கும் ஊர்வலத்துக்கும் அள்ளிச் செலவழித்துவிட்டு, பசித்து வந்தவரின் முகத்தைப் பார்க்கவும் மறுப்பதைப் பெருமான் அன்றே கண்டித்தார். இன்றும் நமக்குப் பணம் குறைவாக இல்லை, முறைதான் குறைவு. பூச நாளில் மட்டும் அண்டா ஏற்றினால் போதாது. ஒவ்வொரு தெருவிலும் பிடி அரிசி சேருங்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்டறியுங்கள். அட்டை இல்லாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இவற்றுக்கு முறை வைத்து ஆள் நியமியுங்கள். பூஜைக்கு உட்காருவதற்கு முன் இந்த வேலையை முடியுங்கள்.