எல்லைக் கல்லும் வானத்துக் கண்ணும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று மரக்காணம் கடற்கரையில் விழுந்தவற்றுள் எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்து வடக்குச் சுவரும் ஒன்று. மக்கள் கூரையிழந்து நின்ற நாள்களில் சுவரைப் பற்றி எவரும் பேசவில்லை. சில திங்கள் கழித்து அதை எடுத்துக் கட்டுவதென்று பங்குப் பேரவை முடிவு செய்தது. பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டிவிடலாம் என்றார் முதியவர் ஒருவர். "இப்போதெல்லாம் வானத்திலிருந்தே அளக்கிறார்கள் சாமி, ஒருமுறை சரியாக அளந்துகொண்டு கட்டுவோம்" என்றார் இளைஞர் ஒருவர். இளைஞர் சொல்லே வென்றது.

அளக்க வந்தவர்கள் இருவர். தரையில் ஆறு இடங்களில் சுண்ணாம்பால் குறியிட்டு, அவற்றின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் துணையால் குறித்துக்கொண்டார்கள். மண்ணில் பாதி புதைந்திருந்த பழைய சர்வே கற்களையும் தேடிக் கண்டுபிடித்துத் துலக்கினார்கள். பின்பு டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி எழுந்து, உழவன் ஏர் ஓட்டுவதுபோல் வரிசை வரிசையாகப் பறந்து, நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தது. ஒவ்வொரு படமும் முன்னதன் பெரும்பகுதியை மீண்டும் காட்டும்படி எடுக்கப்படுகிறது. இரு கண்களால் காண்பதால் நமக்குத் தொலைவு புலப்படுவதுபோல, ஒரே புள்ளியைப் பல இடங்களிலிருந்து கண்ட படங்களை ஒப்பிட்டு, அப்புள்ளியின் இடத்தையும் உயரத்தையும் கணினி கணித்துவிடுகிறது. போட்டோகிராமெட்ரி என்பது இதன் பெயர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு வாரத்தில் வரைபடம் வந்தது.

அந்த வரைபடத்தைப் பழைய புல வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தபோது, எங்கள் சுவர் மேற்கு முனையில் எல்லைக் கோட்டின்மேலும், கிழக்கு முனையில் அதற்கு ஏழரை அடி வெளியேயும் நின்றிருந்தது தெரிந்தது. அந்த ஏழரை அடி, உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைக்கும் ஒரு கைம்பெண்ணின் மனை.

கைம்பெண்ணின் எல்லையை ஆண்டவர் காக்கிறார் என்ற கருத்து நீதிமொழிகள் நூலின் பதினைந்தாம் அதிகாரத்தில் உண்டு. அதே வசனம் செருக்குற்றோரின் வீடு இடிபடுவதையும் பேசுகிறது. புயலுக்கு விவிலிய விளக்கம் தரும் துணிவு எனக்கில்லை. அப்புயலில் அந்தப் பெண்ணின் கூரையும்தான் போயிற்று. ஆயினும் பல ஆண்டுகளாக அவ்வசனத்தைத் திருப்புகழ்மாலையோடு சேர்த்து ஓதி வந்தவன், அதைச் சுவரின் தவறான பக்கத்திலிருந்து ஓதியிருக்கிறேன் என்பதை மறைக்க இயலவில்லை.

இனிச் சங்கிலியைப் பற்றிச் சொல்லவேண்டும். அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் கிராமங்களின் கணக்கெல்லாம் ஒரு காலத்தில் இச்சங்கிலியின் கணக்கே. அளவு என்பது அன்று ஊர் நிகழ்ச்சி. முன்முனையை ஒருவர் பிடிப்பார்; பின்முனையை மற்றொருவர் பிடிப்பார்; இருபுறத்து நிலக்காரரும் உடன் நடப்பார்கள். சங்கிலி தொய்ந்தால் கத்துவார்கள். முளை சாய்ந்தால் சண்டை வரும். பிழை நேர்ந்தால் அது எல்லார் கண்முன்னும் நேர்ந்தது. கணினிக்குள் நேரும் பிழையை யார் காண்பார் என்று வருந்தி, பழைய முறையின் மாண்பைப் போற்றி ஒரு கட்டுரை எழுதவே நான் முதலில் எண்ணியிருந்தேன். அந்த ஏழரை அடி என் எழுதுகோலைத் தடுத்துவிட்டது. எல்லார் கண்முன்னும் என்றேனே, அந்த 'எல்லாருள்' யார் யார் அடங்குவர்? அன்று அப்பெண்ணின் மாமனார் அங்கே நின்றிருந்தார். எட்ட நின்றார், கைகட்டி நின்றார். காண்பதற்கு அவருக்குத் தடையில்லை, பேசுவதற்கு இடமில்லை.

வானத்துக் கண் சாதி பாராது. இதை நாம் முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். அது பிறந்த கதையும் நம் சிந்தனைக்குரியது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்க அதன்மேல் ஏறிய மைடன்பௌவர் என்னும் இளம் கட்டடக் கலைஞர், அங்கிருந்து விழுந்து உயிர்விடும் நிலைக்கு வந்து தப்பினார். மனிதன் உயிரைப் பணயம் வைத்து ஏறி அளப்பதற்குப் பதிலாக, ஒளிப்படத்தை எடுத்து அதிலிருந்து அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அதன்பின்னரே தோன்றியது. உப்பளச் சேற்றில் இறங்கிச் சங்கிலி இழுத்தவர்களின் கால் வெடிப்புகளைக் கண்டவர்கள், இந்தக் கருவியை ஆன்மா அற்றது என்று எளிதில் பழிக்கமாட்டார்கள்.

ஆனால் அவ்வரைபடத்தில் மற்றொன்றையும் கண்டேன். கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கே உப்பளங்கள் தொடங்குகின்றன. அங்குள்ள பெண்கள் விடியுமுன் வேலைக்குப் போவது ஒரு வரப்பின் வழியாக. புயலுக்குப் பின் அவ்வரப்பு பல இடங்களில் கரைந்து, உப்புநீர் அதன்மேல் படர்ந்திருந்தது. வரைபடத்தில் அந்த வரப்பு இல்லை. நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே சீராக, குறையேதுமின்றிக் காட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். அளந்த தம்பி நேர்மையாகவே விடை சொன்னார். கணினி ஒரு படத்துப் புள்ளியை மறுபடத்தில் அடையாளம் காணவேண்டும். வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும் நீரிலும், ஒரே வெண்மையான உப்பிலும் அடையாளம் காண ஒன்றும் இல்லை. அத்தகைய இடங்களைச் சுற்றியுள்ள அளவுகளைக் கொண்டு அது தானே நிரப்பிக்கொள்ளும். நிரப்பிய இடம் எது, கண்ட இடம் எது என்பது அச்சிட்ட தாளில் தெரிவதில்லை.

1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னர் இக்கடற்கரை வழியே கடலூர்ப் பக்கம் வரை நீண்டு, இமயம் வரை சென்ற பெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். (தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற திருத்தூதரின் பெயர் தாங்கிய மலையடியில் அது தொடங்கியது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஓவியர்கள் புனித தோமாவின் கையில் மூலைமட்டத்தைக் கொடுத்திருப்பதும் பொருத்தமே.) வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதை அறிந்த லாம்டன், அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து, நீட்சியைக் கணக்கிட்டுக் கழித்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மேல் ஏற்றும்போது, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி மோதிச் சிதைந்தது. கூடாரத்துக்குள் தனித்திருந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். அவர் பேரரசுக்காக அளந்தவர். அவரைப் புனிதராக்க நான் முனையவில்லை. ஆயினும் தம் கருவி எங்கே பொய் சொல்லும் என்று அறிந்து, அதை எழுதி வைத்த அந்தப் பண்பு அளவையின் அறம் எனத் தோன்றுகிறது. நம் புதிய கருவிகளும் தம் பிழைகளைக் கணக்கிடவே செய்கின்றன. அக்கணக்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உறங்குகிறது. எழில்மிகு வண்ணப்படம் மட்டும் கைமாறுகிறது.

குருமடத்தில் படித்த புனித தாமஸ் அக்குவினாஸ் இங்கே எனக்குத் துணை நின்றார். மனம் என்னும் இலத்தீன் சொல்லையே அளத்தல் என்ற வினையோடு இணைத்துப் பார்த்தவர் அவர். உண்மையைப் பற்றிய தம் ஆய்வில், இறைவனின் அறிவு யாவற்றையும் அளக்கிறது, எதனாலும் அளக்கப்படுவதில்லை என்கிறார். இயற்கைப் பொருள்களோ நம் அறிவுக்கு அளவுகோல் ஆகின்றன. நாம் அவற்றுக்கு இணங்கவேண்டும். மனிதன் ஆக்கிய பொருள்களுக்கு மட்டுமே மனித அறிவு அளவுகோல். அப்படியானால் எல்லை என்பது எவ்வகையைச் சேர்ந்தது? மேடும் பள்ளமும் இயற்கை. வரப்பும் சுவரும் கைவேலை. எல்லையோ மண்ணில் இல்லை. இருவருக்கிடையே உள்ள வாக்கில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ஊர்க் குடியிருப்புகளை டிரோன் கொண்டு அளக்கிறார்கள். அதிலும் வானூர்தி பறக்குமுன் ஊரார் கூடி, தத்தம் மனையெல்லையைச் சுண்ணாம்புக் கோட்டால் காட்டவேண்டும். மேலே உள்ள கண் காண்பது அந்தக் கோட்டை மட்டுமே. கோடு நேர்மையாகப் போடப்பட்டதா என்பது கீழே நிற்பவர்களின் கணக்கு. கடற்கரை மேலாண்மை வரைபடங்கள் வெளிவந்தபோது, வலை உலர்த்தும் மணலும் படகு நிறுத்தும் இடமும் விடுபட்டன என்று நம் மீனவ மக்கள் முறையிட்டதும் இதே காரணத்தால்தான். மணல் படத்தில் இருந்தது; அதன்மேல் அவர்களுக்கிருந்த உரிமை படத்தில் விழவில்லை.

இனி எங்கள் பேரவைக்குத் திரும்புகிறேன். சட்டம் அறிந்த உறுப்பினர் ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் எதிர்ப்பின்றி அனுபவித்த நிலம் நமதே, நாட்டுச் சட்டம் நம் பக்கம் என்றார். அவர் சொன்னதில் வலு இருந்தது. திருச்சபைச் சட்டமும் நீண்டகால அனுபவ உரிமையை ஏற்கிறது. ஆனால் 198ஆம் எண் ஒரு நிபந்தனை விதிக்கிறது. தொடக்கத்தில் மட்டுமன்று, அக்காலம் முழுவதும் நல்லெண்ணம் இருந்திருக்கவேண்டும். நம் முன்னோர் அறியாமல் கட்டியிருந்தால் வழக்கு ஒருவிதம். அறிந்தே கட்டியிருந்தால் மற்றொரு விதம். இதை எந்த வானூர்தி அளக்கும்? ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதில் சிலருடைய உள்ளத்தில் இருந்தது என்ன என்பதல்லவா கேள்வி!

விடை நான் தேடாமலே வந்தது. பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டலாம் என்று சொன்ன முதியவர், ஒருநாள் திருப்பலி முடிந்தபின் சக்ரீஸ்துவுக்கு வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்துக்காக அன்று. அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன். சிறுவனாக அன்று சங்கிலியின் பின்முனையைப் பிடித்தவர் அவர். கிழக்கு மூலையில் கல்லைக் கண்டதும், இன்னும் தள்ளி முளையடி என்று பெரியவர்கள் சொன்னார்களாம். "அன்னைக்கே தெரியும் சாமி. அவங்க அப்பா பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் பேசல" என்றார். அந்த மௌனத்தை அவர் அத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கிறார். வரைபடம் வராதிருந்தால் அவர் வாய் திறந்திருக்கமாட்டார். அவர் திறவாதிருந்தால் வரைபடம் எங்களுக்கு ஒரு சட்டச் சிக்கலாக மட்டுமே இருந்திருக்கும்.

ஒரு தடை எஞ்சியிருந்தது. அந்த நிலத்துண்டில் பெயர் எழுதாத மூன்று குழந்தைக் கல்லறைகள் உள்ளன. யாருடைய பிள்ளைகள் என்று சொல்வார் இல்லை. நான் தயங்கித் தயங்கி அப்பெண்ணிடம் சொன்னபோது, "புள்ளைங்க அங்கேயே கெடக்கட்டும் சாமி. மத்த எடத்த விடுங்க. ஆனா எழுதிக் குடுங்க" என்றார். இறுதிச் சொல்லை இருமுறை சொன்னார். அவருடைய குடும்பம் வாய்வார்த்தைகளால் நிறையவே இழந்த குடும்பம்.

ஆகவே சுவர் எல்லைக் கோட்டின்மேல் செல்கிறது. மூன்று கல்லறைகளை அணைத்துக்கொள்ள மட்டும் ஓரிடத்தில் வளைகிறது. கோணல் சுவர் என்று பேரவையில் சிலருக்கு இன்னும் மனக்குறை உண்டு. நிலம் நமதன்று என்பதற்கும், கல்லறைகளுக்குரிய இடத்தை அவர் மனமுவந்து விட்டார் என்பதற்கும் ஆவணம் எழுதி, மேதகு ஆயர் இல்லத்துக்கு அனுப்பியுள்ளேன். வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தையும் அதனோடு இணைத்தேன். இணைக்குமுன் கிழக்கே நீர் நிறைந்திருந்த இடத்தில், பெண்கள் நடக்கும் வரப்பை மைப்பேனாவால் வரைந்தேன். அவ்வழியே நடக்கும் ஒன்பது பெண்கள் அதன் பக்கத்தில் கையொப்பமிட்டார்கள்; இருவர் கைநாட்டு வைத்தார்கள்.