தலையெழுத்தை எழுதியது யார்?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது ஊரார் நாவில் ஓயாது உலவும் பழமொழி. மூன்று வயதுச் சிறுவன் கேட்டதற்கெல்லாம் பளிச்சென விடை கூறினால், "பிறப்பு அப்படி!" என்று மெச்சுவர். திக்கித் திணறி நின்றாலோ, "தலையெழுத்து!" என்று கைவிரிப்பர். முளையிலே தெரிகிறது, உண்மைதான். ஆனால் அங்கே தெரிவது விதையின் குலம் மட்டுமா? வாய்க்கால் எவர் வயலில் பாய்ந்தது, எவர் வயலை ஒதுக்கி ஓடிற்று என்பதுங்கூட அங்கேதானே தெரிகிறது! அதனை மட்டும் ஏன் காண மறுக்கிறோம்?

காரணம் இருக்கிறது. பிரமன் எழுதினான் என்று கூறிவிட்டால், நாம் எவருக்கும் பதில் கூற வேண்டியதில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளிலே, இதைவிடச் செலவு குறைந்த வழி வேறில்லை!

பிறந்த குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இருக்கும். ஆறு வயது முடிவதற்குள் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். எழுத்து என்று ஒன்று இருக்குமானால், அது பெரிதும் எழுதப்படும் காலம் அதுவே. எழுதும் கை எது? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்திற்கு.

1930களில் அங்கே டாவன்போர்ட் நகரிலே ஓர் அனாதை விடுதி. உளநூலார் ஹரால்டு ஸ்கீல்ஸ், அங்கிருந்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அளந்து வந்தவர். விடுதியிலே பாலுக்குப் பஞ்சமில்லை, படுக்கைக்குக் குறைவில்லை, தூய்மைக்கும் கேடில்லை. தொட்டில்களின் பக்கங்களிலே வெள்ளைத் துணி தொங்கும். கைக்குழந்தைக்கு அடுத்த தொட்டில் தெரியாது, ஆள் நடமாட்டமும் தெரியாது. பல குழந்தைகளுக்கு ஒரு தாதி. அவள் பாலூட்டுவாள், துடைப்பாள், நகர்ந்துவிடுவாள். கொஞ்ச அவளுக்கு நேரமேது?

அங்கிருந்த இரு பெண் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு 46, 35 எனக் கண்டனர். சராசரி 100 என்றால் இவை எவ்வளவு தாழ்ந்தவை என்பது விளங்கும். "இவை தேறா" என்று தீர்மானித்து, மூளை வளர்ச்சி குன்றியோர் விடுதிக்கு அனுப்பினர். சில திங்கள் கழித்து அங்கே சென்ற ஸ்கீல்ஸ், துள்ளி விளையாடிய இரு சிறுமியரைக் கண்டார். அவர்கள் இவர்கள்தாமா என்றே அவருக்கு ஐயம்! அளந்து பார்த்தார்: 77, 87.

மருந்து இல்லை, மந்திரம் இல்லை. அந்த விடுதியிலே இருந்த பெண்கள், "அறிவிலிகள்" என்று சமுதாயம் முத்திரை குத்தி மூலையில் தள்ளியிருந்த பெண்கள், அந்த மழலைகளை மடியிலே வைத்துக் கொஞ்சினார்கள், பேசினார்கள், நடை பழக்கினார்கள். அவ்வளவுதான். பெற்ற வயிறும் அல்ல, குலமும் அல்ல, ஏட்டுப் படிப்பும் அல்ல; ஒரு குழந்தையைத் தம் குழந்தையாகக் கருதி ஓயாது பேசிய வாய், ஓயாது தூக்கிய கை! பின்னர் மேலும் பலரை, "விருந்தினர்" என்ற பெயரிலே அங்கு அனுப்பினார் ஸ்கீல்ஸ். மொத்தம் 13 குழந்தைகள். சராசரி 64ஆக இருந்தது 92ஆக உயர்ந்தது.

மற்றொரு கூட்டமும் உண்டு; நம் நெஞ்சை விட்டு அகலாதது அதுதான். அனாதை விடுதியிலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகள். தொடக்கத்தில் இவர்களின் சராசரி 87, மற்றவர்களைவிட மேலானவர்கள். சில ஆண்டுகளில் அது 61ஆக இறங்கிற்று. இவர்களை எவரும் அடிக்கவில்லை, எவரும் பட்டினி போடவில்லை. 1966இல் ஸ்கீல்ஸ் வெளியிட்ட ஆய்விலே, முதற்கூட்டத்தார் 13 பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இரண்டாம் கூட்டத்திலே ஒருவர் இளமையிலேயே விடுதியில் மாண்டார். நால்வர் இன்னமும் விடுதிகளின் பராமரிப்பிலே. ஒரே ஒருவர் மட்டும் நல்ல வேலையில் உயர்ந்திருந்தார். செவிப்புலன் குறைந்த அவர், காதுகேளாதோர் பள்ளிக்கு அனுப்பப்பட, அங்கிருந்த காப்பாளர் அம்மையார் அவர்மீது தனிப்பரிவு காட்டியிருந்தார்!

கொடியவன் ஒருவனும் இல்லாத இடத்திலே கொடுமை நடந்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டிலே எவரை நிறுத்துவது? தாதியையா? பத்துக் குழந்தைகளுக்கு இரண்டு கை கொண்டவள் அவள். பெற்றவளையா? அவள்மீது பழிபோடுவதுதான் எளிது. எளிது என்பதாலேயே நாம் அதனை ஐயுறுகிறோம். ஒரு தாதிக்கு இத்தனை தொட்டில் என்று கணக்கெழுதி ஒப்பமிட்டவர்கள் உண்டு; கேட்காதிருந்த ஊரும் உண்டு.

இந்த ஆய்விலே குறை கூறுவோர் அன்றே இருந்தனர். குழந்தைகள் குலுக்கிப் பிரிக்கப்படவில்லை; கைக்குழந்தையின் அறிவை அளக்கும் கோலும் அத்துணை உறுதியானதன்று. மெய்தான். நமக்குப் பிடித்த முடிவு என்பதால் சல்லடையைக் கீழே போட்டுவிடுதல் பகுத்தறிவாளருக்கு அழகல்ல. பிறவிக்கூறுகளுக்குப் பங்கே இல்லை என்றும் நாம் கூறோம். ஆனால், 2000ஆம் ஆண்டையொட்டி ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரிலே, விடுதிக் குழந்தைகள் 136 பேரைக் குலுக்கலிலேயே இரு கூறாக்கி, ஒரு கூறை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தனர். குடும்பம் சேர்ந்தோர் முந்தினர். இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தோர் அதிகம் முந்தினர்.

இரண்டு வயது! நம் நாட்டுச் சட்டம் அந்த வயதைப் பற்றி என்ன கூறுகிறது? அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி தர, பத்தாண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. கீழ் எல்லை வகுக்கவில்லை. 1993இல் உச்சநீதிமன்றம், அதனை உரிமை என்றே அறிவித்தது. 2002இல் வந்தது 86ஆம் திருத்தம்: ஆறு முதல் பதினான்கு வரை உரிமை, ஆறுக்குக் கீழே, அரசு "முயலும்". மூளை விரைந்து வளரும் ஆண்டுகளுக்கு முயற்சி. வளர்ந்த பின்னரே உரிமை! வாக்குரிமை இல்லாதவர்களிலும் மிகச் சிறியவர்கள் அவர்கள்; எவர் கேட்கப் போகிறார்?

நாம் ஒன்றும் செய்யாதிருந்தோம் என்பதல்ல. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1982இல் சத்துணவு, பள்ளிப்படி மிதியாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் எட்டிற்று. வயிறு அறிந்தோம். ஆனால், அங்கன்வாடியிலே சோறும் பரிமாறி, எடையும் பார்த்து, ஏடும் எழுதி, பாட்டும் சொல்லித் தரும் அந்தப் பெண்ணை இன்றும் ஒன்றிய அரசின் திட்டம் "கௌரவப் பணியாளர்" என்கிறது. அவருக்குத் தருவது மதிப்பூதியமாம். மதிப்பு எங்கே, ஊதியம் எங்கே என்று அவரே தேட வேண்டியிருக்கிறது. பணிக்கொடை கேட்டுக் குஜராத் பெண்கள் உச்சநீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது; 2022 ஏப்ரலில்தான் அது அவர்களுக்கு உண்டென்று தீர்ப்பாயிற்று.

படிப்பகங்களிலே கூடும் தோழர்கள் ஒரு நாள் காலை, தத்தம் தெருவிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று வரட்டும். சுவரின் வண்ணத்தைப் பார்க்க வேண்டாம். எத்தனை குழந்தைகள், எத்தனை கைகள் என்று எண்ணட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, எந்தக் குழந்தையிடம் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு அடுத்த ஊராட்சிக் கூட்டத்திற்குச் செல்லட்டும்.