ரகசியமும் அதிகாரமும்

மயிலாப்பூரில் தனிக்கோயில் கொண்டுள்ள வேதாந்த தேசிகர், திருமந்திரம், த்வயம், சரம சுலோகம் ஆகியவற்றை விளக்கி எழுதிய நூலுக்கு ‘ரகசியத்ரயசாரம்’ என்று பெயர். ஏட்டில் எழுதப்பட்டுக் காலட்சேபத்தில் விரித்துரைக்கப்படும் ஒன்று ரகசியமாவது எங்ஙனம் என்ற வினாவுக்கு, வைணவ மரபு ‘அதிகாரம்’ என்ற சொல்லால் விடை தருகிறது. வேதாந்தத்தில் அச்சொல் ஆளும் வலிமையை அன்று, ஒன்றைப் பெறுதற்குரிய தகுதியையே குறிக்கும். திருக்கோட்டியூரில் இராமானுசர் திருமந்திரமாகிய எட்டெழுத்தைப் பலரறியச் சொன்னதாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. கேட்டவர் பெருகியதால் மந்திரம் தேய்ந்தது என்று எவரும் சொன்னதில்லை.

கடவுச்சொல்லோ அறிந்தவர் பெருகப் பெருக அழிவது. தியாகராய நகர் ஜவுளிக்கடையிலோ அடையாறு ஆடிட்டர் அலுவலகத்திலோ உள்ள ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும், அந்த ஒரு கணினியை மட்டும் முழுமையாக ஆளும் ‘லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கு ஒன்று உண்டு. ஒரு கணினியை அமைத்து அதையே மற்றவற்றுக்கும் நகலெடுக்கும் வழக்கத்தால், ஓர் அலுவலகத்தில் நாற்பது கணினிகள் இருந்தால் நாற்பதுக்கும் ஒரே கடவுச்சொல் அமைந்துவிடுகிறது. கணினி அச்சொல்லை அப்படியே வைத்திராமல் ‘ஹாஷ்’ எனப்படும் உருமாற்றமாகவே வைத்திருந்தாலும், ஊடுருவியவர் மூலச்சொல்லை அறியாமலேயே அவ்வுருவைக் காட்டி மற்ற முப்பத்தொன்பதிலும் நுழைய இயலும். வேலையை விட்டு விலகியவரின் நினைவிலிருந்து அச்சொல்லைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

இதற்குத் தீர்வாக 2015-இல் வெளிவந்து, 2023 ஏப்ரலில் விண்டோஸின் உள்ளேயே இடம்பெற்ற ‘லாப்ஸ்’ என்னும் ஏற்பாடு, ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லைத் தானே உருவாக்கி, நிறுவனத்தின் மையப் பதிவேட்டில் சேர்த்து, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறது. உரிமை பெற்றவர் தேவைப்படும்போது மட்டும் எடுத்துப் பார்க்கிறார். எவரும் அதை மனப்பாடம் செய்வதில்லை. பதிவேட்டைக் காப்பவர்மீது நம்பிக்கை வைத்தே ஆக வேண்டும் என்பது மெய்யே. எனினும் இது ஊழியரை ஐயுறும் முறை என்ற குறை பொருந்தாது. ஒரே சொல்லைப் பலர் அறிந்த இடத்தில் தவறு நேர்ந்தால் அனைவரும் ஐயத்துக்குள்ளாவர், படித்தவர் யாரெனப் பதிவாகும்படி அமைத்த இடத்தில் மற்றவர் அதனின்று தப்புவர். அதிகாரம் இங்கே உடைமையாக இல்லாமல் மீண்டும் தகுதியாகிறது. புதிய லாப்ஸின் இயல்பான அமைப்பில், பயன்படுத்திய 24 மணி நேரத்தில் கடவுச்சொல் மாறிவிடுவதால், அதைப் படித்தவருக்கும் பிறகு அது உதவாது.