கழுதைப்புலியின் பசி

'லயன் கிங்' (1994) படத்தில் முஃபாசாவை ஸ்கார் ஏன் கொன்றான்? முப்பது வருஷம் கழித்து, 2024இல், தனியாக ஒரு படமே எடுத்து டிஸ்னி பதில் சொன்னது. ராஜ வாரிசான டாக்கா, வழிதவறி வந்து தன்னோடு வளர்ந்த சிங்கத்திடம் காதலைப் பறிகொடுக்கிறான், காட்டிக்கொடுக்கிறான், ஸ்கார் ஆகிறான். வில்லனுக்கு ஒரு மனம் கிடைத்துவிட்டது. பஞ்சதந்திரத்துத் தமனகனுக்கு இந்தச் சலுகை இல்லை. பதவி போன மந்திரி மகன், நரி. சிங்கத்தைக் கொண்டு எருதைக் கொல்வித்து மந்திரியாகிறான். அந்தரங்கக் காயம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

என் சங்கடம் கழுதைப்புலிகளைப் பற்றியது. முதல் படத்தில் அவை, வெளிச்சம் படும் ராஜ்யத்துக்கு வெளியே, யானை எலும்புகளுக்கிடையில் பசியோடு கிடக்கின்றன. ஸ்கார் அவற்றுக்கு வாக்களிப்பது தீனி. பொறாமைக்குப் படம் எடுத்தவர்கள் பசிக்கு எடுக்கவில்லை. பசியைக் காரணமாக ஒப்புக்கொண்டால், எல்லையைப் போட்டது யார் என்ற கேள்வி நல்ல ராஜாவிடம் போய் நிற்கும்.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் எனக்கு இப்படிப் படுகிறதோ என்னவோ. மின்சாரம் நகரம் முழுவதற்கும், சாம்பல் கொசஸ்தலையாற்றுக்கு. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். சினிமாவிலோ இந்தப் பிரதேசம் என்றால் பெரும்பாலும் ரௌடி. அவன் கத்தி எடுப்பதற்குத் துரோகம், பழி என்று சொந்தக் காரணம் ஒன்றைத் தைத்துக்கொடுத்துவிடுவார்கள். வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018) நிலத்தைப் பேசியது. அதிலும் துரோகம்தான் கதையை நடத்துகிறது.

'லயன் கிங்'கில் கடைசியில் ஸ்காரைக் கொல்வது கழுதைப்புலிகளே. பிறகு மழை, புல், புதிய குட்டி. மிருகங்கள் எல்லாம் கூடும் இறுதிக் காட்சியில் கழுதைப்புலிகளைக் காணோம்.