உள்ளிருந்து காக்கும் காவல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் பூமியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் சோளத்தை விதைத்துவிடுவதுண்டு. மழை வரும்வரை விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். மழை இறங்கியதும் விதை விழிக்கிறது. அதே ஈரத்தில் பூஞ்சைகளும் விழித்துக்கொள்கின்றன. அதுகாறும் விதையைக் காத்தது அதன் தோல். முளை வெளிவர வேண்டுமாயின் அத்தோல் கிழிந்தே தீரவேண்டும். அரண் உடைந்த அந்நேரத்தில் இளமுளைக்குக் காவல் எது?

விதைகளுக்குள் நுண்ணுயிர்களை எதிர்க்கும் சிறு புரதங்கள் உண்டென்பது 1942இல் கோதுமை மாவை ஆராய்ந்தபோது தெரியவந்தது. பூச்சிகளின் செரிமான நொதியைத் தடுக்கும் உறவுப் புரதங்கள் 1991இல் சோள விதையிலேயே கண்டறியப்பட்டன. பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழக அறிஞர்கள் முள்ளங்கி விதையை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட முடிவு நம் வினாவுக்கு விடை தருகிறது. விதை முற்றும்போதே, 51 அமினோ அமிலங்களாலான புரதம் அதன் வெளியடுக்குச் செல்களில் சேமிக்கப்படுகிறது. தோல் கிழிந்ததும் அது கசிந்து, முளையைச் சுற்றிப் பூஞ்சை வளராத வளையமிடுகிறது. பூஞ்சையின் சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பையே அது பற்றுகிறது என்றும், மனித உடலிலுள்ள அதே இனக் கொழுப்பைப் பற்றுவதில்லை என்றும் 2004இல் தெரிந்தது.

பிள்ளை வளர்ப்போர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அங்கே போகாதே, அவனோடு சேராதே என்று தடைகளையே நாம் அரணாக்குகிறோம். இளம் பருவத்தில் அத்தோலும் தேவையே. ஆயினும் பிள்ளை கல்லூரிக்கோ, கடல் கடந்து பிழைப்புக்கோ புறப்படும் நாளில் அது கிழியத்தான் செய்யும். தாய்ச்செடி அன்று உடனிருப்பதில்லை. முன்பே உள்ளே வைத்தது மட்டுமே துணை. பொய்க்குக் கூசும் நாவும், ஹராமான காசைத் தொட அஞ்சும் கையும் அப்படி வைக்கத்தக்கவை. அறியாதவரையெல்லாம் பகைவராய் எண்ணும் அச்சம் காவலாகாது. தீமையை இனங்கண்டு விலக்கும் அறிவே காவல்.

விதைக்கு விருப்பமென்பதில்லை. மனிதனோ பெற்ற காவலைத் தானே உதறவும் கூடும். ஆகவேதான் அதைப் பேணுவது அவனுக்கு நற்செயலாகிறது.

அரபியில் 'ஃபலஹ' என்றால் பிளந்தான், உழுதான் என்று பொருள். உழவனுக்கு 'ஃபல்லாஹ்' என்று பெயர். ஐவேளைப் பாங்கிலும் நாம் கேட்கும் வெற்றியாகிய 'ஃபலாஹ்' அதே வேரில் பிறந்த சொல். பிளவுக்கு அஞ்சி விதையைக் குலுக்கையிலேயே வைத்திருப்பவனுக்கு விளைச்சல் ஏது?