கழித்தது எங்கே சேர்கிறது?

‘கழி’ என்னும் வினைக்குத் தமிழில் முகங்கள் பல. பொழுது கழிகிறது. கடன் கழிகிறது. கண்ணேறு கழிக்கிறோம். பள்ளிக் கணக்கில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம். கழிவு, கழிப்பறை ஆகிய சொற்களும் இந்த வேரில் கிளைத்தவையே. இத்தனைக்கும் பொதுவான பொருள் நம்மை விட்டு நீங்குதல். நீங்கியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த வினை கேட்பதில்லை. அது சொல்லின் குறையும் அன்று. ஆனால் காற்றுமண்டலத்துக்கான கணக்கை எழுத உட்காரும்போது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கழித்தது வேறோர் ஏட்டில் கூட்டலாக ஏறியிருக்கிறது. நாட்டின் காலநிலைத் திட்டத்தில் கழிப்பறைக்கும் கழிவுநீருக்கும் என்ன வேலை என்பதை இந்த இடத்திலிருந்து படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் கண்ணால் கண்டது. சென்ற ஆவணியில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்கைத் திறந்தோம். கட்டிப் பதினேழு ஆண்டுகள். இடையில் ஒருமுறையும் எடுத்ததில்லை. ‘நல்லாக் கட்டின டேங்க், நிரம்பவே இல்லை’ என்பதில் எனக்குச் சிறு பெருமையும் இருந்தது. லாரியோடு வந்தவர் கடப்பாரையால் சிமெண்ட் மூடியை நெம்பியதும், பக்கத்தில் வேடிக்கை பார்த்தவர் பீடியை வாயில் வைத்தார். “அண்ணே, தள்ளிப் போய்ப் பத்த வைங்க, உள்ள கேஸ் நிக்கும்” என்றார் லாரிக்காரர். மேலே அடையைப் போல் பழுப்பு ஏடு. அதன் விரிசல்களில் குமிழிகள் மெல்ல எழும்பி உடைந்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் மூடியைத் திறந்தே போட்டுவிட்டுத்தான் குழாயை இறக்கினார். அவர் ‘கேஸ்’ என்று சொன்னதன் பெரும்பகுதி மீத்தேன். அதனுடன் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மனிதரை நொடியில் சாய்க்கும். இத்தகைய குழிகளில் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்பும் சாவுகள் தொடர்வது நாம் அறிந்ததே. குழிக்குள் வாயு இருப்பதை அந்தத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். காலநிலைத் திட்டங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரியவந்தது.

அடுத்து, அந்த வாயு எப்படிப் பிறக்கிறது என்பது. ‘செப்டிக்’ என்ற சொல்லின் கிரேக்க வேருக்கே அழுகுதல் என்று பொருள். தொட்டிக்குள் மூன்று அடுக்குகள்: மேலே கொழுப்பும் மிதப்பும் சேர்ந்த ஏடு, நடுவே நீர், அடியில் கசடு. கசடு என்பது படிந்து தங்கிய மண்டி. வள்ளுவர் அச்சொல்லைக் குற்றம் என்னும் பொருளில் வைத்தார், நம் நகராட்சிகள் ‘கசடு கழிவு மேலாண்மை’ என்று அதன் பழைய, நேரான பொருளுக்கே திருப்பிவிட்டன. அடியில் உயிர்வளி கிடையாது. உயிர்வளி இருந்திருந்தால் நுண்ணுயிரிகள் மலத்தைப் பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் முடித்திருக்கும். இல்லாத இடத்தில் வேறு வகை உயிரிகள் அதே வேலையை மெதுவாகச் செய்து மீத்தேனை விடுகின்றன. நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதுதான். அங்கே வாயு அடுப்புக்குப் போகிறது, இங்கே காற்றுக்குழாய் வழியாக வானுக்குப் போகிறது. கசடு எத்தனை காலம் தங்குகிறதோ, எளிதில் சிதையாத பொருளும் அத்தனைக்கு உடைந்து வாயுவாகும். என் பதினேழு ஆண்டுப் பெருமையின் உட்பொருள் அதுவாக இருந்தது.

இனி அளவு. ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2006இல் வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டியின் ஐந்தாம் தொகுதி கழிவுக்கு உரியது. அதன் ஆறாம் இயல் கழிவுநீர். ஒருவர் ஒரு நாளில் கழிவுநீரில் சேர்க்கும் சிதையக்கூடிய கரிமப் பொருளுக்கு, இந்தியாவுக்கென அது தரும் இயல்பு மதிப்பு 34 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 12.4 கிலோ. ஒரு கிலோவிலிருந்து அதிகபட்சம் 0.6 கிலோ மீத்தேன் கிடைக்கலாம். செப்டிக் டேங்கில் அந்த வாய்ப்பில் பாதிதான் நிறைவேறுகிறது என்று 0.5 என்னும் திருத்தக் காரணியை அது வைத்திருக்கிறது. பெருக்கினால் ஆளுக்கு ஆண்டுக்கு 3.7 கிலோ, அதாவது நாளுக்குச் சுமார் 10 கிராம் மீத்தேன். இது வெறும் ஏட்டுக் கணக்கா என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் வீட்டுத் தொட்டிகளின் மேல் கருவி வைத்து அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வுக்குக் கிடைத்தது நாளுக்கு 11 கிராம். ஊர், உணவு, தட்பவெப்பம் எல்லாம் வேறாக இருந்தும் இவ்வளவு நெருக்கம் வந்ததில் தற்செயலும் கலந்திருக்கலாம். ஆனாலும் எண் காற்றிலிருந்து எடுத்ததன்று என்பதற்கு அது போதும்.

நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர் என்று கொண்டால், ஐந்து பேர் வாழும் வீட்டின் தொட்டி ஆண்டுக்கு 520 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராக வெளியிடுகிறது. இதை அடுப்படிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று முழுதும் எரிந்தால் வருவது சுமார் 42 கிலோ கரியமில வாயு. அப்படியானால் கொல்லையில் மூடிக்கிடக்கும் தொட்டி ஆண்டுக்குப் பன்னிரண்டு சிலிண்டர் எரித்ததற்குச் சமம். சிலிண்டருக்கு ரசீது உண்டு, எரிசக்திக் கணக்கில் அது ஏறிவிடும். தொட்டிக்கு ரசீது இல்லை. மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே நிலைக்கும் என்பதால் இருபதாண்டுக் கணக்கு வைத்தால் அதன் வலு 28 அன்று, 80ஐ ஒட்டியது. அருகிலிருக்கும் ஆண்டுகளில் வெப்பத்தைக் குறைக்க விரும்புவோர் மீத்தேனை முதலில் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது நாட்டு ஏட்டைத் திறக்கலாம். இந்தியா 2024 டிசம்பரில் ஐ.நா. காலநிலை அமைப்புக்கு அளித்த நான்காம் ஈராண்டு அறிக்கை 2020ஆம் ஆண்டின் கணக்கைச் சொல்கிறது. உமிழ்வில் எரிசக்தி 75.66 விழுக்காடு, வேளாண்மை 13.72, தொழில்துறைச் செயல்முறைகள் 8.06, கழிவு 2.56. கடைசி எண்ணைப் பார்த்து, ‘இவ்வளவுதானே’ என்று பக்கத்தைப் புரட்டத் தோன்றும். சற்று நிறுத்துவோம். கழிவு என்ற தலைப்பின் கீழ் வருவது குப்பையும் கழிவுநீரும் நேரடியாக விடும் வாயுக்கள் மட்டுமே. கழிவுநீரை ஏற்றும் பம்புக்கும் காற்றூட்டும் எந்திரத்துக்கும் ஆகும் மின்சாரம் எரிசக்தி இயலில் இருக்கிறது. கசடு அள்ளும் லாரியின் டீசல் அதே இயலின் போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறது. பதப்படுத்திய கசடு உரமானால், அதனால் மிச்சமாகும் யூரியாவின் பலன் வேளாண்மையிலும் தொழிற்சாலையிலுமாகப் பிரிந்துபோகிறது. ஒரே கழிப்பறையின் கணக்கு நான்கு இயல்களில் சிதறிக் கிடக்கிறது. எனவே எந்த இயலின் பொறுப்பாளருக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஒரு நகரத்தின் எல்லைக்குள் இந்தச் சிதறலைச் சேர்த்துப் பார்த்தவர்கள் உகாண்டாவின் கம்பாலாவில் ஆய்ந்தவர்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வு, சுகாதாரச் சங்கிலி முழுவதும் சேர்ந்து நகரின் மொத்த உமிழ்வில் பாதிக்கும் மேலாக இருக்கக்கூடும் என்றது. அதில் பெரும்பங்கு குழிகளிலும் தொட்டிகளிலும் கசடு நெடுநாள் தங்குவதால் வருவது. கம்பாலாவின் விகிதத்தை மதுரைக்கோ நாகபுரிக்கோ அப்படியே பொருத்த முடியாது. சேர்த்துக் கூட்டும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சொல்லிடம் நிற்க வேண்டும். காலநிலைப் பேச்சில் ‘தணிப்பு’ ஒன்று, ‘தகவமைப்பு’ மற்றொன்று. காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது; முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பது தலக்கதை. மூலத்திலேயே சூட்டைக் குறைப்பது தணிப்பு. வந்த சூட்டுக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது தகவமைப்பு. சுகாதாரம் காலநிலைத் திட்டங்களுக்குள் நுழைந்தபோதெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வாசல் வழியாகவே நுழைந்தது. வெள்ளத்தில் சாக்கடை பொங்கும், வறட்சியில் தண்ணீர் இராது, ஆகவே காப்பு வேண்டும் என்ற அளவில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைக் கண்டவர்கள் அதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். ஆனால் பொங்குகிற அதே தொட்டி, பொங்காத நாட்களிலும் வாயு விட்டுக்கொண்டிருக்கிறது என்பது தணிப்பின் பக்கத்தில் எழுதப்படவில்லை. இந்தியா 2022இல் புதுப்பித்த உறுதிமொழி மூன்று பெரிய எண்களால் பேசுகிறது: 2005ஐ ஒப்பிட 2030க்குள் பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவை 45 விழுக்காடு குறைத்தல், மின் உற்பத்தித் திறனில் பாதியைப் புதைபடிவமற்றதாக்குதல், மரங்களில் கரியைச் சேர்த்தல். துறைக்கொரு இலக்கு அதில் இல்லை. 2021இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட மீத்தேன் உறுதிமொழியிலும் இந்தியா சேரவில்லை. நெல்லும் மாடும் சிறு உழவர்களின் வாழ்வு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. அது நியாயமான கவலை. செப்டிக் டேங்கின் மீத்தேனை நம்பி எவருடைய பிழைப்பும் இல்லை என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்த படி சற்று நுட்பமானது. தவறாகப் படிக்கவும் இடம் தருவது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஐந்தே ஆண்டுகளில் நாட்டுப்புறத்தில் பத்துக் கோடிக்கு மேல் கழிப்பறைகளைக் கட்டியது. வெட்டவெளியில் கிடக்கும் மலம் காற்றுபட்டுக் காய்வதால் மீத்தேன் அதிகம் தராது. குழிக்குள் போனால் தரும். ஆகவே கழிப்பறைகள் பெருகினால் ஏட்டில் உமிழ்வும் ஏறும். இதைக் கழிப்பறைக்கு எதிரான வாதமாக எவரேனும் எடுத்தால் அவரோடு உரையாட எனக்குப் பொறுமை இல்லை. குழந்தையின் வயிற்றுப்போக்கையும் பெண்ணின் இருட்டு நேர நடையையும் தராசில் வைத்துவிட்டுப் பேசட்டும். வாதம் குழி எந்த மண்ணில் எவ்வாறு இருக்கிறது என்பதைப் பற்றியது. ஐபிசிசி வழிகாட்டியே இதைச் சொல்கிறது. வறண்ட நிலத்தில், நிலத்தடி நீர் குழிக்குக் கீழே நிற்க, ஒரு சிறு குடும்பம் மட்டும் பயன்படுத்தும் குழிக்குத் திருத்தக் காரணி 0.1. நீர்மட்டம் குழியின் அடிக்கு மேலே நின்றால் 0.7. நம் கொத்தனார்கள் சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டும் குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே உறை, அதே ஆழம், அதே குடும்பம். தருமபுரியின் பாறைமேட்டில் இறக்கினால் ஒரு பங்கு. நாகப்பட்டினத்துக் கடலோர மணலில், நாலடியில் தண்ணீர் ஊறும் இடத்தில் இறக்கினால் ஏழு பங்கு. ஒரே வரைபடத்தை நாடெங்கும் அனுப்பும் திட்டத்துக்கும், நிலத்தடி நீர் வரைபடத்தை விரித்துவைத்துக் குழியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்துக்கும் உள்ள தொலைவு இந்த ஏழு மடங்குதான்.

‘பாதாளச் சாக்கடை போட்டுப் பெரிய நிலையம் கட்டினால் தீர்ந்தது’ என்பது எளிதில் வரும் விடை. பாதி விடை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி நாட்டின் நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்பது நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்). நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236. கட்டிய நிலையங்களே முழுதாக ஓடவில்லை. ஓடுகிற நிலையத்திலும் கேள்வி முடிவதில்லை. காற்றூட்டுவதற்கு மின்சாரம் வேண்டும். கழிவுநீரின் நைட்ரஜன் மாறும்போது நைட்ரஸ் ஆக்சைடு கசியும். சிரிப்பு வாயு என்று பள்ளியில் படித்த அதுவே கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் பிடிப்பது. மறுபுறம், நிலையத்தில் பிறக்கும் மீத்தேனை மூடிய கலனில் பிடித்தால் அது எரிபொருள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் நிலையங்களில் கசடிலிருந்து வாயு எடுத்து எஞ்சினில் எரித்து மின்சாரம் செய்தார்கள். நிலையத்தின் சொந்தத் தேவையில் கணிசமான பங்கை அது ஈடுகட்டியது. அதே கசடைத் திறந்த ஆழமான குட்டையில் விட்டிருந்தால் திருத்தக் காரணி 0.8. ஒரு மூடி இருப்பதும் இல்லாததுமே எரிபொருளையும் உமிழ்வையும் பிரிக்கிறது. டெண்டர் எழுதும்போது அந்த மூடிக்கு ஒரு வரி இருக்கிறதா என்பது பொறியாளர் மேசையில் முடிவாகும் காலநிலைக் கொள்கை.

நாட்டில் பெருந்தொகையினர் பாதாளச் சாக்கடையை இன்னும் காணாதவர்கள். பல சிற்றூர்களுக்கு அது வரவேண்டிய தேவையும் இல்லை. அவர்களுக்கு வழி கசடைக் காலத்தே எடுத்து, உரிய இடம் சேர்ப்பது. 2017இல் மத்திய அரசு மலக்கசடு மேலாண்மைக்குத் தனிக் கொள்கை வகுத்தது. அதற்கு முன்பே, 2015இல், பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் ஊரளவிலான முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கருங்குழிப் பேரூராட்சியின் நிலையம் பிற ஊர்களுக்கு முன்மாதிரியானது. மராட்டியத்தின் வாய் என்னும் சிறு நகரம் செய்தது இன்னும் எளியது, என் பார்வையில் இன்னும் பெரியது. நிரம்பி வழியும்வரை காத்திராமல், வீடு வீடாக முறைவைத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். நிரம்பினால் எடுப்பது வீட்டுக்காரரின் அவசரம். முறைவைத்து எடுப்பது ஊரின் திட்டம். இரண்டாண்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கவேண்டும் என்று பொறியியல் கையேடுகள் நெடுங்காலமாகச் சொல்வதும் தொட்டி ஒழுங்காக வேலைசெய்ய வேண்டும் என்பதற்காகவே. அதே செயல் மீத்தேனையும் குறைக்கும் என்பதைக் காலநிலை ஏட்டில் எழுதினால், ஊராட்சிக்குக் கிடைக்காத நிதி ஒருவேளை அந்தக் கதவு வழியாகக் கிடைக்கும். எழுதுவதற்கோ சான்று வேண்டும்: எத்தனை தொட்டிகள், அடியில் தளம் போட்டவையா மண்ணில் ஊறுபவையா, கடைசியாக எடுத்தது எப்போது, எடுத்தது எங்கே இறங்கியது.

எங்கள் தொட்டியைக் காலிசெய்து முடித்ததும் லாரிக்காரர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீளப் புத்தகத்தை எடுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார். நாள், தெரு, எத்தனை லிட்டர், கொட்டும் நிலையம், தொகை என்று கட்டங்கள். தன் கைப்பட நிரப்பிய பக்கங்களை அவர் புரட்டியபோது, அந்த மாதத்தில் மட்டும் எங்கள் வட்டாரத்தில் அறுபது எழுபது வீடுகள் அதில் இருந்தன. “இதுக்கு முன்னாடி எப்ப எடுத்ததுன்னு எழுத இடமில்லையே?” என்று கேட்டேன். “அதை யாரு சார் கேக்கறாங்க?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, என் வரிக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் 17 என்று எழுதிக்கொண்டார்.