பொம்மை ரயிலும் வாய்மையும்

வளர்ந்த மனிதன் பொம்மை ரயில் செய்து பொழுதைப் போக்குவது அறிவுடைமையாகுமா எனக் கேட்பர் சிலர். கேள்வி நியாயமானதே. விடை காண, ஒருவரது வாழ்வை நோக்குவோம்.

1925-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிட்டன் சென்ற ராய் இங்லண்ட் என்பார், அங்குள்ள வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கின் பழைய கூரை வீடுகள் உருமாறி வருவதைக் கண்டு வருந்தினார். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் கணக்கில், அவற்றை அட்டையாலும் சணல் இழையாலும் வடிக்கலானார். அவர் லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் 1954-இல் தொடங்கிய பெண்டன் காட்சிசாலையில், அவ்வீடுகளுக்கருகே அக்காலத்து ரயில்கள் சிற்றுருவில் ஓடுகின்றன. அவர் மறைந்த பின்னரும் தொண்டர்கள் அப்பணியைத் தொடர்கின்றனர்.

இது வீண் விளையாட்டன்று. அளவு தவறாமை இங்கே வாய்மையாகிறது. அழகுக்காகக் கூட்டாமலும் வசதிக்காகக் குறைக்காமலும் உள்ளதை உள்ளவாறு வடிப்பவன், மறைந்த தலைமுறைக்கு மரியாதை செய்கிறான்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. அட்டை வீடு கூரையின் எழிலைக் காட்டும். அதன்கீழ் குளிரில் நடுங்கிய கூலியாளின் துயரைக் காட்டாது. அழகைக் கண்டு அவனை மறந்தால், நம் கண்முன் நிற்பது பொம்மையே. அவனையும் நினைத்தால் அதுவே சரித்திரம். அந்நினைவைக் கொண்டுவர வேண்டியவர், அன்பர்களே, காணச் செல்லும் நாமே.